எஞ்சினை அணைத்துவிட்டுக் காரில் காத்திருப்போருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சனிக்கிழமை காலையில் மகளைத் துணைப்பாட வகுப்பில் இறக்கிவிட்டு, பக்கத்திலிருந்த வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒலி 96.8 வானொலியையும் காற்றாடியையும் மட்டும் ஓடவிட்டுக்கொண்டு ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தேன். மகள் வந்து கதவைச் சாத்தியதும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். முன்பலகைக்குள் எங்கிருந்தோ பல்லி சொல்வதைப்போல் டிக்டிக்கென்று விடாமல் ஓர் ஓசை கேட்டது. முகப்பு விளக்குகள் எல்லாம் ஒருமுறை மின்னி மங்கின. கடிகாரம் 12:00 என்று காட்டியது. வண்டி அசையவில்லை. அதற்குப் பிறகு, இந்த விஷயத்தில் ஏதோ தெரிந்தவன் என்று கருதி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை, நான் படித்தும் என் காரில் அளந்து பார்த்தும் அறிந்த பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது வானொலிக்கும் விளக்குக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

முழுவதும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. எஞ்சின் ஓடும்போது, அதனோடு பட்டையால் பிணைக்கப்பட்ட ஆல்டர்னேட்டர் சுழன்று ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை மின்சாரம் தருகிறது. காரின் மின்தேவை முழுவதையும் அதுவே பார்த்துக்கொண்டு, மிஞ்சியதைப் பேட்டரிக்கு ஏற்றுகிறது. எஞ்சின் நின்றதும் ஆல்டர்னேட்டரும் நின்றுவிடுவதால், அதற்குப் பின் செலவாகும் ஒவ்வொரு ஆம்பியரும் பேட்டரியின் கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காரின் ஈய அமிலப் பேட்டரி, நீண்ட நேரம் சிறுகச் சிறுக மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டதன்று. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற இரண்டொரு விநாடிகளுக்கு நூறு, இருநூறு ஆம்பியர் என்று மொத்தமாக வாரிக் கொடுப்பதற்காக அதனுள் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால், தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. ஆகையால், ஒருநாள் வண்டி கிளம்பாமல் நிற்பது நமக்குத் தெரியும் இழப்பு மட்டுமே. பேட்டரியின் ஆயுள் குறைவது தெரியாமல் நடக்கும் இழப்பு.

சாவியை எந்த நிலையில் வைக்க வேண்டும்? பொத்தான் வைத்த காரில் என்ன செய்வது?

சாவித் துளையைச் சுற்றி லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்று நான்கு நிலைகள் இருக்கும். ஏசிசி என்பது வானொலி, மின்செருகி போன்ற துணைக் கருவிகளுக்கு மட்டும் மின்சாரம் போகும் நிலை. ஆன் நிலைக்குப் போனால் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி, முன்பலகை, உணரிகள், சில கார்களில் பகல்நேர விளக்குகள் என்று எல்லாமே விழித்துக்கொள்ளும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே சில ஆம்பியர்கள் செலவாகும். எனவே பாட்டு கேட்பதற்கு ஏசிசி போதும், ஆன் வேண்டாம்.

பொத்தான் உள்ள பெரும்பாலான கார்களில், பிரேக் மிதியைத் தொடாமல் ஒருமுறை அழுத்தினால் ஏசிசி, மறுமுறை அழுத்தினால் ஆன், மூன்றாம் முறை அழுத்தினால் எல்லாம் அணையும். டொயோட்டாவின் பல மாடல்களில் கியர் ‘பி’ நிலையில் இருக்க, ஏசிசியில் 20 நிமிடம் கடந்தால் கார் தானே அணைத்துக்கொள்ளும். பாட்டு நடுவில் நின்றுவிட்டதே என்று சலித்துக்கொண்டு மறுபடியும் அழுத்துகிறோம். அது பழுதன்று, பேட்டரியைக் காப்பதற்கான ஏற்பாடு. புதிய ஐரோப்பிய கார்கள் சிலவற்றில் ஏசிசி என்ற நிலையே கிடையாது. எஞ்சினை அணைத்த பிறகும் கதவைத் திறக்கும்வரையோ குறிப்பிட்ட நேரம் முடியும்வரையோ வானொலி தொடர்ந்து பாடும். உங்கள் காரில் எப்படி என்பது கையேட்டில் இருக்கும்.

காற்றாடி மட்டும் பெரும்பாலான கார்களில் ஏசிசியில் ஓடாது, ஆன் நிலையில்தான் ஓடும். என் சனிக்கிழமைத் துன்பத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம்?

இதற்கு ஒற்றை விடை சொல்பவரை நம்ப வேண்டாம். எது ஓடுகிறது, பேட்டரி எவ்வளவு பெரியது, அதற்கு என்ன வயது என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓரளவு சரியான விடை கிடைக்கும். கணக்கும் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மேல் போகாது.

சிங்கப்பூரில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலும் 35 முதல் 60 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் தாளில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். 45 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். கொள்கையளவில், 1 ஆம்பியர் இழுக்கும் கருவியை 45 மணி நேரம் ஓட்டலாம். ஆனால் வண்டியைக் கிளப்பவும் வேண்டும், பேட்டரியும் கெடக்கூடாது என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15 ஆம்பியர்-மணி மட்டுமே நம் செலவுக்கு உரியது என்று நான் கொள்கிறேன்.

இனிச் செலவைப் பார்ப்போம். மிதமான ஒலியில் வானொலியும் அதன் திரையும் 1.5 முதல் 3 ஆம்பியர். கைப்பேசிக்கு மின்னேற்றம் சுமார் 1 ஆம்பியர். உள்விளக்கு, பழைய குமிழ் வகையானால் அரை ஆம்பியர், எல்இடியானால் அதில் சிறு பகுதி. ஹாலஜன் முன்விளக்குகள் இரண்டும் எரிந்தால் 9 ஆம்பியர். நான்கு மூலை விளக்குகளும் கண்சிமிட்டும் அபாய விளக்குகள், பழைய குமிழ் வகையில், சராசரியாக 3 அல்லது 4 ஆம்பியர். காற்றாடி குறைந்த வேகத்தில் 4 அல்லது 5, முழு வேகத்தில் 15 ஆம்பியரைத் தாண்டக்கூடும்.

இப்போது என் சனிக்கிழமையைக் கூட்டிப் பாருங்கள். பின்னொரு நாள் கிளாம்ப் மீட்டரை பேட்டரிக் கம்பியில் மாட்டி அளந்தபோது, ஆன் நிலை, இரண்டாம் வேகத்தில் காற்றாடி, வானொலி, கைப்பேசி எல்லாம் சேர்ந்து 11 ஆம்பியர் காட்டியது. ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு 18 ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகிறது. புதிய பேட்டரியாக இருந்திருந்தால் தட்டுத்தடுமாறியாவது கிளம்பியிருக்கும். மூன்று வயதாகிவிட்ட என் பேட்டரியில் 45 என்று அச்சிட்டிருந்ததே தவிர, உள்ளே முப்பதுகூட இருந்திருக்காது.

அதே நாளில் காற்றாடியை விட்டுவிட்டு, ஏசிசியில் வானொலியை மட்டும் வைத்திருந்தால் மொத்தச் செலவு ஐந்து ஆம்பியர்-மணிக்குள் முடிந்திருக்கும். எனவே நடைமுறை அளவாக நான் சொல்வது இதுதான்: நல்ல பேட்டரியுள்ள காரில் ஏசிசியில் வானொலியும் கைப்பேசியும் இரண்டு மணி நேரம்வரை அச்சமில்லை, ஆன் நிலையில் காற்றாடி என்றால் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேட்டரி இரண்டரை வயதைத் தாண்டிவிட்டால் இரண்டையும் பாதியாக்குங்கள்.

காற்றாடி ஓடுகிறது, ஆனால் குளிர்ந்த காற்று வரவில்லை. ஏர்கான் பழுதா?

பழுதில்லை. பெட்ரோல், டீசல் கார்களில் ஏர்கானின் கம்ப்ரஸரை எஞ்சின்தான் பட்டை வழியாகச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் கம்ப்ரஸரும் நிற்கும். காற்றாடி வெறும் காற்றைத்தான் தள்ளும். அணைத்த பின் இரண்டு மூன்று நிமிடங்கள் குளிர்ச்சி மிச்சமிருக்கும், அதோடு சரி. அதன் பிறகு பேட்டரியைக் கரைத்து வெப்பக் காற்றை வாங்கிக்கொள்வதில் பொருளில்லை.

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நடுத்தளங்களில் நிழலும் காற்றோட்டமும் இருக்கும். கூரையில்லாத மேல்தளத்தைத் தவிர்த்து அங்கே நிறுத்தி, எதிரெதிர்க் கதவுகளின் கண்ணாடிகளை ஒரு சாண் இறக்கிவைத்து, தன் சொந்த பேட்டரியில் ஓடும் சிறிய யுஎஸ்பி விசிறியை முன்பலகையில் வைத்துக்கொள்வது என் இப்போதைய வழக்கம். கண்ணாடிகளை எஞ்சினை அணைப்பதற்கு முன்பே இறக்கிவிட்டால் பிறகு ஆன் நிலைக்குப் போக வேண்டியதில்லை. கொசுவுக்கு மட்டும் வழி காண வேண்டும்; டெங்கிப் பரவல் எச்சரிக்கைப் பதாகை தொங்கும் இடமென்றால் நான் வண்டியைவிட்டு இறங்கிக் காப்பிக்கடைக்குப் போய்விடுவேன்.

எஞ்சினை ஓடவிட்டே காத்திருந்தால் என்ன?

சிங்கப்பூரில் அது குற்றம். போக்குவரத்துச் சூழ்நிலையின் காரணமாக அல்லாமல், நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை ஓடவிடுவதைச் சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள வாகனப் புகை விதிமுறைகள் தடை செய்கின்றன; தேசிய சுற்றுப்புற வாரியம் இதை நடைமுறைப்படுத்துகிறது. சிவப்பு விளக்கில் நிற்பதும், உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஜொகூருக்குப் போக ஊர்ந்துகொண்டிருப்பதும் போக்குவரத்துச் சூழ்நிலை. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனவர் வரும்வரை கார் நிறுத்துமிடத்தில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்கில் சேராது. “வெயிலாக இருந்தது” என்பதும் விதிமுறைக்கு விலக்கன்று.

சட்டத்தை விட்டுவிட்டாலும் கணக்கு சாதகமாக இல்லை. சிறிய கார் ஒன்று ஏர்கானோடு நின்றபடி ஓடினால் ஒரு மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டி பெட்ரோலைக் குடிக்கும். அடித்தளக் கார் நிறுத்துமிடங்களில் புகையும் வெளியேறாமல் தங்கும். பக்கத்து வண்டியில் குழந்தையை இருக்கையில் கட்டிக்கொண்டிருக்கும் தாய் நம் புகைக்குழாயின் உயரத்தில்தான் குனிந்திருப்பார் என்பதை, ஒருமுறை நானே அந்த இடத்தில் குனிந்திருந்தபோது உணர்ந்தேன்.

ஹைப்ரிட் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே?

பாதி சரி. ஹைப்ரிட் காரில் இரண்டு பேட்டரிகள் உள்ளன: சக்கரத்தை ஓட்டும் உயர் மின்னழுத்தப் பேட்டரி ஒன்று, கணினிகளுக்கும் விளக்குகளுக்கும் உரிய வழக்கமான 12 வோல்ட் பேட்டரி ஒன்று. ‘ரெடி’ என்ற எழுத்து முன்பலகையில் எரியும்போது பெரிய பேட்டரி சிறியதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பல மாடல்களில் கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் இல்லாமலே குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் பெரிய பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகவே கிளம்பிச் சிறிது நேரம் ஓடும். அந்த நேரத்தில் நீங்கள் எஞ்சினை ஓடவிட்டு நிற்பவர்தான்.

‘ரெடி’ இல்லாமல் ஏசிசியிலோ ஆனிலோ விட்டால், ஹைப்ரிட் காரும் சாதாரணக் கார் போலவே சின்ன பேட்டரியை மட்டும் கரைக்கும். அந்தச் சின்ன பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் சில மாடல்களில் இன்னும் சிறியதாகவே இருக்கிறது. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் கார் ‘ரெடி’ நிலைக்கு வராது. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்த வீடு போலத்தான்.

சிவப்பு விளக்கில் தானே அணைந்து தானே கிளம்பும் வசதி கொண்ட கார்களை ஹைப்ரிட் என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றில் இருப்பதும் 12 வோல்ட் பேட்டரிதான், சற்று உறுதியான வகை. அவை அப்படி அணைந்து நிற்கும்போது காரின் எல்லாக் கருவிகளும் விழித்தபடி இருப்பதால், காத்திருப்பதற்கு அந்த நிலை ஏற்றதன்று. சில நிமிடங்களில் எஞ்சின் மறுபடி எழுந்துவிடும்.

மின்சாரக் காரில்?

காத்திருப்பதற்கென்றே பிறந்தவை. எஞ்சின் என்று ஒன்று இல்லாததால் புகையும் இல்லை. நம் ஊர் வெயிலில் முதலில் உள்ளே குளிர வைக்கச் சற்று அதிகம் இழுத்தாலும், குளிர்ந்த பிறகு ஏர்கான் ஒரு மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட்-மணி என்ற அளவில் நிலைபெறும். பிஒய்டி அட்டோ 3 (Atto 3) காரின் 60.48 கிலோவாட்-மணி பேட்டரியில் அது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மின்னேற்ற முனையில் வேலை முடிந்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அடுத்தவரைக் காக்க வைப்பது மட்டும் வேறு கதை.

அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. கார் இயக்கத்தில் இருக்கும்வரை பெரிய பேட்டரி அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

மின்செருகியில் எதையெல்லாம் மாட்டலாம்?

சிகரெட் பற்றவைக்க உருவான அந்தத் துளைக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்வரை தாங்கும் ஃபியூஸ் இருக்கும். துளையின் மூடியிலோ கையேட்டிலோ, 120 வாட் என்பதுபோல், மேல் வரம்பு எழுதியிருக்கும். கைப்பேசி, கைக்கணினி, சிறு விசிறி எல்லாம் அதற்குள் அடங்கும். வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை மாட்டினால், 100 வாட் மடிக்கணினிக்கு மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 9 அல்லது 10 ஆம்பியர் போகும். தீமிதிக்கு வந்த உறவினர் ஒருவர், வண்டியிலேயே பால் சுடவைக்கலாம் என்று 12 வோல்ட் கெண்டி ஒன்றை வாங்கி வந்தார். அரை மணி நேரம் ஆகியும் பால் கொதிக்கவில்லை, குழந்தை தூங்கிவிட்டது. சூடாக்கும் கருவி எதையும் எஞ்சின் அணைந்த காரில் மாட்ட வேண்டாம்.

பேட்டரி தளர்ந்துவிட்டது என்பதை முன்கூட்டி எப்படி அறிவது?

குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் பேட்டரி கைவிடும் என்பார்கள். நமக்குப் பனியில்லை என்பதால் பேட்டரி நெடுங்காலம் வாழும் என்று எண்ணுவது தவறு. வெப்பம் கூடக்கூட உள்ளே நடக்கும் அரிப்பும் நீர் வற்றுவதும் விரைவாகின்றன. ஆண்டு முழுவதும் 30 பாகையைத் தொடும் ஊரில், எஞ்சினின் சூட்டுக்கு அருகிலேயே குடியிருக்கும் பேட்டரிக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே சாதாரண ஆயுள். தோ பாயோவிலிருந்து பீஷானுக்குப் பத்து நிமிடம் போய்வருவது போன்ற குறும்பயணங்களில் பேட்டரி முழுவதும் நிரம்புவதே இல்லை. அதனாலும் ஆயுள் குறையும்.

காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுழல்வது, கிளப்பும்போது விளக்குகள் நன்றாக மங்குவது, கடிகாரமும் வானொலி நிலையங்களும் அழிந்துபோவது ஆகியவை அறிகுறிகள். இவற்றைவிட நம்பகமானது, மின்செருகியில் மாட்டும் சிறிய வோல்ட்மீட்டர். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை, 12.0 என்றால் கால்வாசி. கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஆயினும் காத்திருக்கும்போது 12.2-ஐத் தொட்டதும் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது என் வழக்கம்.

அந்தக் கருவி வேறொரு விதத்திலும் கைகொடுத்தது. அன்று பேட்டரி மாற்ற வந்தவர், புதிய பேட்டரியைப் பொருத்தி எஞ்சினைக் கிளப்பியதும், ஆல்டர்னேட்டரும் போய்விட்டது, மறுநாள் பட்டறைக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். மறுநாள் பட்டறைக்குப் போகாமல் வோல்ட்மீட்டரை வாங்கி மாட்டினேன். எஞ்சின் ஓட 14.2 காட்டியது. நான்கு ஆண்டுகளாகியும் அதே ஆல்டர்னேட்டர்தான். சில புதிய கார்களில் கணினி ஆல்டர்னேட்டரைக் கூட்டியும் குறைத்தும் இயக்குவதால், ஒருமுறை குறைந்த எண்ணைக் கண்டு பதறவும் வேண்டாம்.

காத்திருந்து முடிந்ததும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் பேட்டரி நிரம்பிவிடுமா?

நிரம்பாது. வண்டி நின்றபடி ஓடும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு வலுவைக் காட்டாது. அதில் ஏர்கானும் விளக்கும் எடுத்துக்கொண்டது போகப் பேட்டரிக்குச் சொற்பமே மிஞ்சும். பேட்டரியும் நிறைய நிறைய மெதுவாகவே வாங்கிக்கொள்ளும். பத்து ஆம்பியர்-மணி செலவு செய்திருந்தால், விரைவுச்சாலையில் ஒரு மணி நேரமாவது ஓட்டினால்தான் பெரும்பகுதி திரும்பும்.

கார் கிளம்பவே இல்லை. என்ன செய்யலாம்?

எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து ஒரே ஒருமுறை முயன்று பாருங்கள். ஓய்ந்த பேட்டரி சிறிது மீளும். தொடர்ந்து முயன்றால் அந்தச் சிறிதும் போய்விடும். தானியங்கி கியர் உள்ள காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது. கார் நிறுத்துமிடத்தில் உதவ வருபவர்களில் ஒருவராவது தள்ளிப் பார்ப்போமா என்று கேட்பார், நன்றி சொல்லித் தவிர்த்துவிடலாம்.

வேறொரு காரிலிருந்து கம்பி இழுத்துக் கிளப்புவதென்றால் வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் இறந்த பேட்டரியின் கூட்டல் முனையிலும், அடுத்து நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, அதன் மறுமுனையை, இறந்த காரின் பேட்டரியில் மாட்டாமல், எஞ்சின் பக்கத்தில் வண்ணம் பூசப்படாத ஓர் உலோகப் பகுதியில் கவ்வ வைக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அருகில் அது நிகழக்கூடாது என்பதே காரணம். கழற்றுவது தலைகீழ் வரிசையில். மின்சாரக் காரையோ ஹைப்ரிட்டையோ உதவும் காராக வைத்துக்கொள்ளும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள். பலவற்றில் கூடாது என்றே எழுதியிருக்கும்.

வேறொரு கார் இல்லாமலே வண்டியைக் கிளப்ப உதவும், கைக்கு அடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் இப்போது கிடைக்கிறது. வாங்கினால் வெயில் கொதிக்கும் காருக்குள்ளே வைக்காமல் வீட்டிலோ பைக்குள்ளோ வைத்திருங்கள். காப்புறுதியோடு சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு இருந்தது என்பதைப் பணம் கொடுத்து பேட்டரி மாற்றிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

காரிலேயே சற்றுத் தூங்கலாமா? குழந்தையை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் போய்வரலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: கூடாது. வெயிலில் மூடிய காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 பாகை ஏறிவிடும். காற்றாடி ஓடுகிறது, பாட்டு பாடுகிறது என்பதெல்லாம் குழந்தைக்குக் காப்பாகாது. ஏசிசி தானே அணைந்துவிடும் கார்களும் இருக்கின்றன என்று மேலே சொன்னேன்.

எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நிழலில் ஒரு குட்டித் தூக்கம் போடுவதில் தவறில்லை. மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது கார்பன் மோனாக்சைடினால் உயிருக்கே ஆபத்து. அந்த வாயுவுக்கு மணமில்லை.

விருந்தில் மது அருந்திவிட்டு, ஓட்டாமல் காரில் படுத்துக்கொள்வது பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, ஓட்டாவிட்டாலும், போதையில் வாகனத்தின் பொறுப்பில் இருப்பதையே குற்றமாக்குகிறது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம், அல்லது இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது வரம்பு. ஓட்டும் வாய்ப்பே இல்லாத சூழ்நிலை என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு உங்கள்மேல் விழும். சாவி கையிலும் ஏசிசி எரிந்துகொண்டும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு அது எளிதன்று. டாக்சி பிடித்துவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். கார் கேமராவை அப்படியே விடலாமா?

நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும் வசதி உள்ள கேமரா சராசரியாக 0.3 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 7.2 ஆம்பியர்-மணி ஆகிறது. மூன்றாம் நாள் முடிவில் 45-இல் ஏறக்குறைய பாதி போயிருக்கும். நீங்கள் அப்போதுதான் திருச்சியில் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். கேமராவின் கம்பித்தொகுப்பில், குறித்த மின்னழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் தானே அணையும் அமைப்பு இருந்தால் அதை 12.4 வோல்ட்டில் வைத்து இரண்டு மூன்று நாள் வெளியூர்ப் பயணங்களுக்குப் பயன்படுத்தலாம். மூன்று வாரம் என்றால் கேமராவைப் பிடுங்கிவிடுவதே நல்லது.

கேமரா இல்லாவிட்டாலும் எச்சரிக்கை மணி, பூட்டின் உணரி, கடிகாரம் ஆகியவற்றுக்காக ஒவ்வொரு காரும் சிறிதளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றால் 21 நாளில் 15 ஆம்பியர்-மணி, 50 மில்லி ஆம்பியர் என்றால் 25. நல்ல பேட்டரி முதலாவதைத் தாங்கும், இரண்டாவதில் தடுமாறும். அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டச் சொல்வது சிறந்த வழி. காப்புறுதியில் அவர் ஓட்டலாமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது முடியாதென்றால், பெரும்பாலான ஜப்பானிய கார்களில் 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் கழித்தல் முனையைத் தளர்த்திக் கழற்றி, தற்செயலாகத் தொட்டுவிடாதபடி ஒரு துணியைச் சுற்றி வைக்கலாம். திரும்பி வந்து மாட்டியபின் கடிகாரத்தையும் கண்ணாடிகளின் தானியங்கி ஏற்றத்தையும் மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். பேட்டரி பின்பெட்டியில் இருக்கும் காரானால், மின்பூட்டுள்ள அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் அதை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.